சந்திரன் டியூன் செய்த கார்புரேட்டர்

பதினான்காவது உதைக்கு வண்டி ஒரு முறை இருமியது. பதினைந்தாவது உதைக்கு அதுவும் இல்லை.

சக்கரவர்த்தி கிக்கரிலிருந்து காலை எடுத்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்து நோட்டில் எழுதினார்: 'காலை 6.50. பௌர்ணமி பிறந்து பத்து நிமிடம். உதை 15. பலன் இல்லை. பொறுத்துப் பார்க்கவும்.'

"இன்னும் வேட்டி மாத்தலையா நீங்க?" என்று உள்ளேயிருந்து வந்தாள் ராணியம்மாள். கையில் தண்ணீர் பாட்டில், துண்டு. "வெயில் ஏறுறதுக்குள்ள மலையைச் சுத்திட்டு வந்துடுங்க. போங்க, போங்க."

"நான் இந்த மாசம் கிரிவலம் போகலை."

பாட்டில் கைநழுவிப் படியில் உருண்டது.

"போகலையா? ஏழு வருஷமா ஒரு பௌர்ணமி விட்டதில்லையே! கால்ல ஆணி குத்தி வீங்கிக் கெடந்தப்பகூட நொண்டிக்கினு போனீங்களே!"

"இந்த மாசம் இங்கயே உக்காந்து கண்ணால பாக்கப்போறேன்."

"என்னாத்த?"

"சந்திரன் இந்தக் கார்புரேட்டரை எப்படி டியூன் பண்ணுதுன்னு."

இந்த இடத்தில் சக்கரவர்த்தியின் கோட்பாட்டைச் சொல்லிவிடுவது நல்லது. இல்லையென்றால் அவரே வந்து சொல்லுவார். அதற்கு ஒன்றரை மணி நேரம் ஆகும்.

அவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். இயற்பியல். வாசல் பலகையில் பெயரைவிடப் பட்டங்கள் நீளம். வாசலில் நிற்கும் வண்டி முப்பத்தெட்டு வருஷத்து இரட்டை சிலிண்டர் டூ-ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள். ஒரு காலத்தில் பந்தயத்தில் ஓடியது என்று விற்றவன் சொன்னான். முந்தியதா என்று இவர் கேட்கவில்லை. பந்தயத்துக்காக அதில் ஓர் அபூர்வக் கார்புரேட்டரைப் பொருத்தியிருந்தார்கள். யாரோ ஓர் இத்தாலிக்காரன் கொஞ்சமாகச் செய்து பார்த்துவிட்டு, புத்தி வந்து நிறுத்திக்கொண்டது. காற்றில் பெட்ரோலைக் கலந்து இன்ஜினுக்கு ஊட்டுகிற சாதாரணக் கார்புரேட்டருக்குத் தொண்டை ஒன்று, வயிறு ஒன்று. இதற்குத் தொண்டை இரண்டு, வயிறு ஒன்றுதான். வயிற்றில் நிற்கும் ஒரு கரண்டிப் பெட்ரோலை இரண்டு தொண்டையும் சமமாக உறிஞ்சினால் வண்டி பறக்கும். ஒன்று கொஞ்சம் ஜாஸ்தி குடித்துவிட்டால் ஒரு சிலிண்டர் இருமும், மற்றது தூங்கும்.

மாதம் முழுக்க வண்டி கொஞ்சம் கொஞ்சமாகச் சீர்கெட்டுக்கொண்டே வரும். பௌர்ணமியன்று அவர் மலையைச் சுற்றிவிட்டு மத்தியானம் வந்து உதைத்தால், முதல் உதையிலேயே புலி மாதிரி உறுமும். நாலு வருஷமாக, ஒரு மாதம் தவறாமல், இப்படித்தான். சனிக்கிழமைதோறும் அவர் காற்றுத் திருகை அரைக்கால் சுற்று திருப்பி, சரிவராமல் பழையபடி திருப்பி வைப்பதுண்டு. அதற்குப் பெயர் பராமரிப்பு. வண்டி கெடுவது பெட்ரோலின் தரத்தால். சரியாவது சந்திரனால்.

"கடலையே தூக்கி நிறுத்துற சந்திரன் ஒரு கரண்டிப் பெட்ரோலைத் தூக்காதா?" என்று கேட்பார். பழைய வண்டிக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் இதைப் பதினோரு பாகமாக எழுதினார். நாற்பத்தாறு பேர் கைகூப்பும் படம் போட்டார்கள். படித்தவர்கள் மூன்று பேர். மூவரும் பிறகு குழுவிலிருந்து விலகிவிட்டார்கள்.

"நீங்க பாட்டுக்குப் போயிட்டு வாங்க. அது பாட்டுக்கு எப்பவும்போல சரியாயிடும்" என்றாள் ராணியம்மாள்.

"முடியாது. இந்தத் தடவை சரியாச்சான்னு நிச்சயமாத் தெரியணும்."

"நீங்க பக்கத்துல குந்தியிருந்தா வராதுங்க!"

"என்ன வராது?"

ராணியம்மாள் கையிலிருந்த துண்டை உதறி மடித்தாள். "அருள்" என்றாள். பிறகு மிளகாய் காயப்போட வேண்டும் என்று மாடிக்குப் போனாள். கையில் போன் இருந்தது. மிளகாய் இல்லை.

நிச்சயமாகத் தெரிய வேண்டியதற்கு ஒரு காரணம் இருந்தது. அதை அவர் மனைவியிடம் சொல்லவில்லை. மறுநாள் விடிந்ததும் கீழ்பென்னாத்தூர் மாறனின் வேன் வரும். மல்லாட்டைக் கடலை மூட்டைகளோடு இந்த வண்டியையும் ஏற்றிக்கொண்டு ஓசூர் போகும். அங்கே பாலாஜி வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, சாவியைக் கையில் கொடுத்துவிட்டு வர வேண்டும். ஒன்றும் சொல்ல வேண்டாம் என்று மாறனிடம் சொல்லியிருந்தார்.

பாலாஜி அவருடைய ஒரே மகன்.

ஏழு வருஷத்துக்கு முன்னால், மூன்று மாதமாக இவர் மல்லாடிக்கொண்டிருந்த இதே கார்புரேட்டரை, டிப்ளமா முடித்துவிட்டு வீட்டிலிருந்த பாலாஜி இருபது நிமிஷத்தில் சரிசெய்தான். ஒரு ரப்பர் குழாயை ஒவ்வொரு தொண்டையிலும் மாற்றி மாற்றி வைத்து, மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்டான். ஒரு திருகைத் திருப்பினான். உதைத்தான். தெருவே திரும்பிப் பார்த்தது. இரண்டு பேர் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல்தான் வினை. வகுப்பில் பையன்கள் கைதட்டிப் பழகியது சக்கரவர்த்திக்குத்தான்.

"என் இன்ஜினைத் தொட உனக்கு என்னடா யோக்கியதை? இன்னொரு தடவை இது பக்கத்துல உன்னைப் பார்த்தேன்னா வீட்டுப் படி ஏறாதே!" என்றார், அத்தனை பேர் முன்னால்.

பாலாஜி மண்ணெண்ணெயில் கையைக் கழுவினான். துடைத்துக்கொண்டு உள்ளே போய்ப் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினான்.

கோபம் அன்று சாயங்காலமே போய்விட்டது. மறுநாள் காலையில் போன் செய்வதாக இருந்தார். மூன்று பட்டங்களில் எதிலும் மன்னிப்புக் கேட்கச் சொல்லித் தரவில்லை. அந்த மாதப் பௌர்ணமிக்கு முதல்முறையாக மலையைச் சுற்றினார். எதற்காக என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் கொழுப்பு குறைய என்று சொல்ல ஆயத்தமாக இருந்தார். மகன் ஓசூரிலேயே வேலை தேடிக்கொண்டான். சினேகாவைக் கல்யாணம் செய்துகொண்டான். பத்திரிகை வந்தது. இவர் முட்டிவலி என்றார். ராணியம்மாள் தன் தம்பியோடு போய்விட்டு வந்தாள். அந்த முட்டியோடு அடுத்த வாரமே பதினாலு கிலோமீட்டர் கிரிவலம் போனார். இப்போது கவிநிலா என்று மூன்று வயதில் ஒரு பேத்தி. மனைவி குளிக்கப் போகும்போது அவள் போனை எடுத்து, அந்தக் குழந்தையின் படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்ப்பார். காது தன்னுடையது என்பது அவர் முடிவு.

வாயால் வராததை வண்டியாக அனுப்பிவிடுவது என்று போன வாரம்தான் தீர்மானித்தார். ஆனால் இருமுகிற வண்டியை அனுப்ப முடியுமா? பையன் ஒரு உதை உதைத்ததுமே, அப்பனுக்கு இன்னும் டியூனிங் தெரியவில்லை என்று கண்டுபிடித்துவிடுவான். மன்னிப்புதான் கேட்கிறோம், அதற்காகத் தோற்றதாக ஆகிவிடக் கூடாது.

எட்டரை மணிக்கு அடுத்த வீட்டுப் பலராமன் வந்தார். நெற்றி நிறைய விபூதி. ரேஷன் கடைக்கே ஆட்டோவில் போகிறவர்.

"சார், கிரிவலம் போறேன். ஒத்தையில போக ஒரு மாதிரியா இருக்குது. கூட வாங்களேன்."

"நீங்களா? கிரிவலமா?"

"திடீர்னு பக்தி வந்துடுச்சு சார்." பலராமன் மாடியை ஒருமுறை பார்த்துக்கொண்டார். அங்கே ராணியம்மாள் நின்றிருந்தாள்.

"நான் ஆராய்ச்சியில இருக்கேன்."

"அப்ப நானும் ஆராய்ச்சியிலயே இருந்துடறேன்" என்று பலராமன் நிம்மதியாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பக்தி வந்த வழியே போய்விட்டது. "சார், ஒரு சந்தேகம். பௌர்ணமி சந்திரன் சாயங்காலம்தானே மேல வரும்? இப்ப எங்க இருக்கும்?"

"இப்ப மேற்கால மறைஞ்சு, பூமிக்கு அந்தப் பக்கம் இருக்கு."

"அப்ப பெட்ரோலைக் கீழ இழுக்குமே?"

சக்கரவர்த்தி இதைப் பதினோரு பாகத்தில் எங்கும் யோசித்திருக்கவில்லை. யோசிக்காததைக் காட்டிக்கொள்ளும் பழக்கமும் இல்லை. "ஆமா. அதை ஈடுகட்டத்தான் இப்ப காத்தைக் கம்மி பண்ணப்போறேன்" என்று திருப்புளியை எடுத்தார்.

கால் சுற்று. உதைத்தார். பலன் இல்லை. அரைச் சுற்று. இருமல். எரிச்சலில் இரண்டு திருகுகளையும் கண்ணை மூடிக்கொண்டு உள்ளே முடுக்கி, ஆக்சிலேட்டரை முறுக்கி உதைத்தார்.

வண்டி கிளம்பிவிட்டது.

"பாத்தீங்களா!" என்று கத்தினார்.

கிளம்பிய வண்டி நிற்க மறுத்தது. ஆக்சிலேட்டரை விட்டார், அலறல் குறையவில்லை. சாவியைத் திருப்பினார். அலறல் ஏறியது. சாவியைப் பிடுங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டார். சுவிட்ச் உள்ளே ஒட்டிக்கொண்டுவிட்டதால் வண்டி அதை மதிக்கவே இல்லை. புகைக்குழாய் இரண்டிலும் வெள்ளைப் புகை புறப்பட்டு வீடு, வாசல், பலராமன் எல்லாவற்றையும் மூடிக்கொண்டு தெருமுனை வரைக்கும் போனது.

முனையில் கிரிவலப் பாதை. அங்கே போய்க்கொண்டிருந்த ஒரு கூட்டம் புகையைப் பார்த்து நின்றது. உள்ளே வேட்டியும் பனியனுமாக ஒருவர் கண்ணில் நீர் வழியக் குனிந்திருப்பது தெரிந்தது. செருப்பில்லாத இருபது பேர் தெருவுக்குள் திரும்பினார்கள்.

"ஹோமமா சாமி?"

"ஹோமம் இல்ல! கார்புரேட்டர்!"

சாமி சொன்னது கூட்டத்துக்குப் புரியவில்லை. புரியாததால் மரியாதை கூடியது. ஓர் அம்மாள் பெட்ரோல் டேங்கின்மேல் ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்தாள். இன்னொருவர் கண்ணை மூடிப் புகையை இரண்டு கையாலும் வாரி முகத்தில் ஒற்றிக்கொண்டு, ஒன்பது நிமிஷம் இருமினார். மூன்றாமவர் பையிலிருந்து கற்பூரத்தை எடுத்தார்.

"ஐயோ! பெட்ரோல்யா! கொளுத்திடாதய்யா!" பலராமன் வாழ்க்கையில் முதல்முறையாக ஓடினார்.

சக்கரவர்த்தி பிளக் வயர் இரண்டையும் பிடுங்கினார். ஷாக் அடித்து உட்கார்ந்தார். வண்டி நின்றது. கூட்டம் சுற்றி நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டது. உட்கார்ந்த வேகத்தை அவர்கள் அருள் இறங்கியதாக எடுத்துக்கொண்டார்கள்.

கூட்டத்தை அனுப்பிவைக்க முக்கால் மணி நேரமானது. இதற்குள் ராணியம்மாள் இரண்டு தடவை முனைக்கடை ஆராயியிடம் மோர் வாங்கிவரப் போனாள். இரண்டு தடவையும் மோர் இல்லாமல், கண் சிவந்து வந்தாள். புகையால் என்று சக்கரவர்த்தி நினைத்துக்கொண்டார்.

இனிக் கழற்றித்தான் பார்க்க வேண்டும்.

கார்புரேட்டரைக் கழற்றிப் பழைய செய்தித்தாள்மேல் வைத்தார். பெட்ரோலை அளந்து விடுகிற பித்தளை ஜெட்டுக்குள் ஒரு தூசி தெரிந்தது. ஜெட்டின் ஓட்டையில் ஊக்கை விடவே கூடாது. ஒரு மயிரளவு பெரிதானாலும் ஆயுசுக்கும் பெட்ரோல் வழியும். இதை அவரே எட்டாம் பாகத்தில் தடித்த எழுத்தில் எழுதியிருந்தார். ஊக்கை விட்டார்.

தூசி போய்விட்டது. மாட்டினார். பெட்ரோல் சொட்டுச் சொட்டாக ஒழுகத் தொடங்கியது.

"ஒழுவுது சார்" என்றார் பலராமன்.

"மிதவை மட்டம் சரியில்லை. அதான்."

மறுபடி கழற்றினார். வயிற்றுக்குள் மிதக்கும் பித்தளை மிதவையின் காதைக் குறடால் ஒரு நூல் வளைத்தார். அது ஒன்றரை நூல் வளைந்தது. பின்னுக்கு வளைத்தார். டக்கென்று ஒரு சத்தம். சின்னதுதான். ஆனால் இத்தாலியில் இந்தச் சாமானைச் செய்தவன் இப்போது உயிரோடுகூட இருக்க மாட்டான் என்பது அவருக்கு நினைவுக்கு வந்தது.

பலராமன் எழுந்து, வீட்டில் கூப்பிடுகிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். யாரும் கூப்பிடவில்லை.

மத்தியானம் ராணியம்மாள் தட்டில் பணியாரம் கொண்டுவந்து வைத்தாள். நல்ல சின்னச் சின்னப் பணியாரமாக, குழந்தை வாய்க்குள் போகிற அளவில்.

"எதுக்கு இவ்வளோ சுட்டிருக்கே? ஊருக்கே போடலாம் போலிருக்கு."

"நைவேத்தியம்" என்றாள். படியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். செய்தித்தாள்மேல் கிடந்த துண்டுகளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "ஏங்க... நீங்களே எவ்வளோ நேரம்தான் போராடுவீங்க. இதுல கை பழகுன ஆளு யாரையாச்சும் கூப்பிடலாமே."

"யாரை?"

அவள் நிமிர்ந்து வாசல் கேட்டைப் பார்த்தாள். அவரும் கேட்டைப் பார்த்தார். அவளும் அதே ஆளைத்தான் நினைக்கிறாள் என்று அவருக்குத் தெரிந்தது. ரப்பர் குழாயைக் காதில் வைத்துக்கொண்டு தலையைச் சாய்த்து நின்ற பையன். 'கூப்பிடு அவனை' என்று இரண்டு வார்த்தை. தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. ஓசூர் என்ன தூரம்? காலையில் கிளம்பினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு இங்கே இருக்கலாம்.

"இந்தக் கார்புரேட்டர்ல கை பழகுன ஆளு தமிழ்நாட்டுலயே நான் ஒருத்தன்தான்" என்றார்.

சொல்லி முடிப்பதற்குள்ளேயே, சொல்லியிருக்க வேண்டாம் என்று இருந்தது. அவர் சொல்கிற முக்கால்வாசி விஷயங்களில் அப்படித்தான். ஆனால் வாக்கியத்தைப் பாதியில் நிறுத்துவது தலைமையாசிரியருக்கு அழகல்ல.

ராணியம்மாள் எழுந்தாள். "சின்ன வயசுலேர்ந்து உங்களுக்கு இப்படித்தானா, இல்ல வேலைக்குப் போனப்புறம் வந்ததா?" என்று அமைதியாகக் கேட்டுவிட்டு, மூன்றாம் தடவையாக மோர் வாங்கக் கிளம்பினாள்.

பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்ல அவராலேயே முடியாது. உடைந்த காதைப் பசை போட்டு ஒட்டினார். பெட்ரோல் பட்டதும் பசை கரைந்து இரண்டு தொண்டைக்குள்ளும் போய் உட்கார்ந்தது. பசையைச் சுரண்டத் திருப்புளியை விட்டார், தொண்டைக்குள் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிற ஊசி வளைந்தது. ஊசியை நிமிர்த்தப் பிடித்த பிடியில், அதைப் பிடித்திருந்த மோதிரக் கம்பி, மிளகில் பாதிதான் இருக்கும், டிங்கென்று எகிறி எலுமிச்சம்பழத்தில் பட்டுத் துள்ளி எங்கோ போனது. நாலு மணிக்கெல்லாம் அந்தப் பந்தயக் கார்புரேட்டரை எடைக்கு எடுக்கிறவன்கூட யோசித்துத்தான் வாங்குவான் என்ற நிலை.

நோட்டை எடுத்தார். கடைசிப் பக்கத்தில் 'அன்புள்ள பாலாஜி' என்று போன வருஷம் எழுதியது இருந்தது. அதற்குக் கீழே எதுவும் இல்லை. அதற்கு முந்தைய வருஷமும் ஒரு பக்கத்தில் அதே இரண்டு சொல் இருந்தது. மூடிவைத்தார்.

ஐந்தரை மணிக்குப் போன் அடித்தது.

"சார், மாறன் பேசறேன். கீழ்பென்னாத்தூர்லேர்ந்து. காலையில அஞ்சு மணிக்கெல்லாம் வண்டி ஏத்த வந்துடட்டுங்களா? ஓசூர்ல யார் பேருக்கு எறக்கணும்னு மட்டும் இன்னொரு தபா சொல்லிடுங்க."

அவர் செய்தித்தாளைப் பார்த்தார்.

"வேணாம் மாறன்."

"சார்?"

"அனுப்புற நிலைமையில இல்ல. இப்போதைக்கு வேணாம்."

"அடுத்த லோடுக்கு வரட்டுங்களா?"

"சொல்றேன்" என்று வைத்துவிட்டார். இதே 'சொல்றேன்'தான் ஏழு வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறது. வண்டிக்குப் பின்னால் தரையில் முழங்கால் போட்டு, காணாமல் போன மோதிரக் கம்பியைத் தேடத் தொடங்கினார். அது கிடைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. தேடுகிறவன் முகத்தை யாரும் பார்க்க மாட்டார்கள்.

மலைக்கு அந்தப் பக்கம் நிலா ஏறிக்கொண்டிருந்தது. கூட்டத்தின் இரைச்சல் பாதையிலிருந்து கேட்டது. இந்த நேரத்துக்கு அவர் எப்போதும் சாய்வு நாற்காலியில், முதல் உதையில் கிளம்பிய வண்டியின் சத்தத்தைக் காதில் வைத்துக்கொண்டு, அடுத்த பாகம் எழுதிக்கொண்டிருப்பார்.

கேட் கிறீச்சிட்டது. முனைக்கடை ஆராயி. வண்டிக்குப் பின்னால் ஆள் இருப்பது அவளுக்குத் தெரியவில்லை. வாசற்படியில் நின்ற ராணியம்மாளைப் பார்த்து, கடைக்காரிக்கே உரிய குரலில் தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள்:

"ராணிம்மா, அப்பா எப்ப கிரிவலம் கெளம்புவாருன்னு காலையிலேர்ந்து கொழந்தையை மடியில வெச்சிக்கினு என் கடையிலயே குந்தியிருந்த உன் புள்ள பாலாஜி, இப்பதான் ஓசூர் பஸ் ஏறுனான், 'இந்த மாசம் வண்டியை டியூனிங் பண்ண முடியல, அடுத்த பௌர்ணமிக்கு வந்து எப்பவும்போலப் பண்ணிட்டுப் போறேன், அதுவரைக்கும் அப்பாவை அதுல கை வெக்கவுடாமப் பாத்துக்கச் சொல்லு'ன்னு சொல்லிட்டுப் போனான்!"